கீறாமல் எடுப்போம், விழாமல் ஒட்டுவோம்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்களில் வண்டித் தொழிலை நம்பி இருப்பவர்களும் உண்டு. சிலர் வண்டி ஓட்டுகிறார்கள். சிலர் வண்டி கழுவுகிறார்கள். சிலர் பழுது பார்க்கிறார்கள்.

இதோ ஒரு கேரேஜ். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் நிற்கிறான். ஒரு கார் வருகிறது. அதன் முகப்பில் உள்ள கம்பெனிச் சின்னம் நிறம் உரிந்து கிடக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். கடைக்காரர்கள் இந்தச் சின்னத்தை 'மோனோகிராம்' என்பார்கள்.

"அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி எடுத்துடட்டுமா?" என்று கேட்கிறான் இளைஞன்.

"வேண்டாம் தம்பி. பெயிண்ட் போயிடும். அப்புறம் உன் கூலியும் போயிடும்" என்கிறார் மூத்த மெக்கானிக்.

அவர் சொன்னது சரிதான். பெயிண்ட் ஆழமாகக் கீறினால் அடியில் உள்ள இரும்புத் தகடு தெரியும். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பிறகு பானட்டுக்கே பெயிண்ட் அடிக்க வேண்டி வரும். அந்தச் செலவு யார் தலையில் விழும்?

சின்னம் எப்படி நிற்கிறது?

பிரீமியர் பத்மினி டாக்சிகளை மும்பை மறக்காது. அவை 2023 அக்டோபருடன் ஓய்வு பெற்றன. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சின்னத்தை நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். இன்று பல வண்டிகளில் நட்டு இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்தான் சின்னத்தைப் பிடித்திருக்கிறது. பஞ்சு போன்ற இந்த வலுவான டேப்பை அமெரிக்காவின் திரீ எம் நிறுவனம் 1980இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

எடுப்பது எப்படி?

முதலில் சின்னத்தின் பின்பக்கம் நட்டோ கொக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழற்ற வேண்டும். இழுக்கக் கூடாது.

டேப்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். சுற்றிலும் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். மணல் இருந்தால் பெயிண்ட் கீறும். சின்னம் இருந்த இடம் தெரிய, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த துணியைச் சின்னத்தின் மேல் சில நிமிடங்கள் வையுங்கள். சூடு பட்டால் பசை இளகும். கொதிக்கும் நீர் வேண்டாம். கையும் வேகும், பெயிண்டும் கெடும்.

இப்போது மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பை எடுங்கள். அதைச் சின்னத்துக்கும் வண்டிக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பது போல் இழுங்கள். டேப் அறுந்து சின்னம் கையோடு வரும். மிச்சமுள்ள பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுங்கள்.

ஒட்டுவது எப்படி?

ஒட்டுவதற்கு முன் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெயும் மெழுகுப் பாலிஷும் டேப்புக்கு எதிரிகள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கும். தின்னர் பெயிண்டையே கரைத்துவிடும். மொபைல் ரிப்பேர் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. அதில் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். அது தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது.

இடம் நன்றாகக் காய்ந்த பின், டேப்பின் காகிதத்தை உரியுங்கள். பசையில் விரல் படக் கூடாது. அடையாளத்தில் வைத்து, எல்லாப் பக்கமும் அழுத்துங்கள்.

உடனே வண்டியைக் கழுவாதீர்கள். இந்த வகை டேப் 20 நிமிடத்தில் பாதி வலுதான் பெறும். 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வலு வரும். முழு வலு வர 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் ஆகும். மழைக் காலத்தில் கூரையின் கீழ்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சின்னத்துக்குப் பின்னால் ஒரு கண்

சில புதிய கார்கள் முன்னால் போகும் வண்டியின் தூரத்தைத் தாமே அளக்கும். ஆபத்து என்றால் தாமே பிரேக் போடும். இப்படிப்பட்ட கார்கள் சிலவற்றில், தூரம் அளக்கும் ரேடார் கருவி முகப்புச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. ரேடியோ அலை உலோகத்தைத் தாண்டிப் போகாது. அந்த இடத்தில் கடையில் வாங்கிய உலோகச் சின்னத்தை ஒட்டினால் கருவிக்குக் கண் மறைந்துவிடும். சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினாலும் கருவி தவறலாம். தேவையான நேரத்தில் பிரேக் விழாமல் போகலாம். உயிருக்கே ஆபத்து.

எனவே புதிய கார் வந்தால், "இதில் ரேடார் இருக்கிறதா?" என்று உரிமையாளரிடம் கேளுங்கள். காருடன் தந்த கையேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரேடார் இருந்தால் அந்த வேலை கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு உரியது. அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

டேப் உறையிலும் பாட்டிலிலும் முறையும் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படித்துவிட்டுத் தொட்டால் பெயிண்டும் பிழைக்கும், கூலியும் பிழைக்கும்.