மான் தீண்டா மணப்பயிர்கள்

நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது குந்தா வட்டம். மஞ்சூர் அதன் தலைமையூர். ஒருபால் தேயிலைத் தோட்டங்களும், ஒருபால் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பீன்சும் விளையும் படிநிலங்களும் உள்ளன. அவற்றை அடுத்துச் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பரந்து கிடக்கின்றன. காடும் கழனியும் இவ்வாறு நெருங்கி நிற்பதால், உழவர்க்கு மான்களால் ஓர் இடர் நேர்கின்றது.

நம் நாட்டு மானினத்துள் பெரியது கடமான். தென்மாவட்டத்தார் அதனை மிளா என்பர். அது பெரும்பாலும் இருட்டிய பின்னரே மேய வரும். மார்கழி, தை மாதங்களில் உறைபனியால் மலைப்புல் கருகிவிடும். அப்போது நீர் பாய்ச்சிய தோட்டங்களே பசுமையாய் நிற்கும். பசித்த மான் அங்கு வாராது வேறெங்குச் செல்லும்?

மஞ்சூரை அடுத்த சிற்றூரில் முதிய உழவர் ஒருவர் தம் பீன்சுத் தோட்டத்தை எனக்குக் காட்டினார். செடிகளின் நுனிகள் யாவும் கிழிபட்டிருந்தன. "முயல் கடித்தால் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும், ஐயா, இது மானின் வேலை" என்றார். மானுக்கு மேல்வாயின் முன்புறத்தே வெட்டுப்பற்கள் இல்லை. ஆதலின் அது தழையைப் பற்றி இழுத்துக் கிழிக்கின்றது. பல வார உழைப்பு ஓரிரவில் அழிந்தது. கம்பிக் கண்ணி வைக்கலாமா என்று அவர் மகன் கேட்டானாம், பெரியவர் தடுத்துவிட்டாராம். மானை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அன்றியும், கண்ணிக்கு இன்ன விலங்கு என்னும் வேறுபாடு தெரியாது.

அத்தோட்டத்தின் ஓரத்திலே பூண்டுப் பாத்தியும் ரோஸ்மேரிப் புதரும் ஓரிலையும் குறையாமல் நின்றன. அதற்குக் காரணம் யாது?

மான் முகர்ந்து பார்த்தே உண்ணும். ரோஸ்மேரி, தைம், லாவண்டர், புதினா ஆகியன துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இலைகளில் எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய் நிறைந்துள்ளது. பூண்டின் நெடியோ கந்தகச் சேர்மங்களால் எழுவது. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே தழையைச் செரிக்க உதவுகின்றன. நறுமண எண்ணெய் மிகுந்தால் அந்நுண்ணுயிர்களின் செயல் குன்றும். ஆதலின் மான் இவற்றை ஒதுக்குகின்றது. நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது. இன்று தீய மணத்தைக் குறிக்கின்றது. அச்சொல்லின் இரு பொருளும் இச்செடிகளுக்குப் பொருந்தும். நமக்கு நறுமணமாவது மானுக்குத் தீநாற்றமாகின்றது!

ரோஸ்மேரியை நுனித்தண்டு நட்டு வளர்க்கலாம். நான்கைந்து அங்குல நீளமுள்ள தண்டின் கீழிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால், ஏறத்தாழ இரண்டு திங்களில் வேர் பிடிக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். குந்தாவை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழைநாட்டில் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இன்றியமையாதன. புதினா இதற்கு மாறானது, ஈரத்தை விரும்பும், வேரோடிப் பரவும். அதனைத் தனிப்பாத்தியில் அடக்கி வளர்த்தல் நன்று.

எனினும், மான் அறவே தீண்டாத செடி எனத் துணிந்து கூறுதற்கு எதுவும் இல்லை. கடும்பசி வந்துற்றால் அது கசப்பையும் உண்ணும். இளந்தளிரைச் சுவைத்தும் பார்க்கும். மணப்பயிரை ஓரத்தில் நட்டுவிட்டால் உள்ளிருக்கும் பீன்சு தப்பும் என்பதும் உறுதியன்று. ஆகவே, காட்டை ஒட்டிய நிலத்தில் மணப்பயிரையும் பூண்டையும் இடுக. காய்கறிகளை வீட்டருகே உயர்ந்த வேலிக்குள் வளர்க்க. நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் விற்பனைக்கென்றே பயிரிடப்படுவதால், உழவர்க்கு வருவாயும் உண்டு.

மாணவர்களே, பகையை அழித்து வெல்வது ஒரு முறை. பகை நேராவண்ணம் வாழ்வது மற்றொரு முறை. மானும் பிழைத்து, உழவனும் பிழைக்கும் வழியை ஒரு சிறு செடி காட்டுகின்றது. அதனைக் கண்டுகொண்ட அம்முதியவரின் அறிவு போற்றத்தக்கது.