பருத்திக் காட்டிலிருந்து வான்வெளிக்கு



இரவில் கதை கேட்டு மடியில் வந்தமரும் உங்கள் குழந்தைகளுக்கு, அரசகுமாரிகளின் கதைகளோடு பெஸ்ஸி கோல்மனின் கதையையும் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1892-ஆம் ஆண்டு, ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுமியாய் இருக்கையில் பருத்தி பறித்தார். வளர்ந்தபின் சிக்காகோ நகரில் நகம் திருத்தும் வேலை பார்த்தார். விமானம் ஓட்டக் கற்க விழைந்தபோது, அந்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. பெண் என்பது ஒரு தடை; கறுப்பர் என்பது மறு தடை! அவர் சோர்ந்துவிடவில்லை. பிரெஞ்சு மொழி பயின்றார். கடல் கடந்து பிரான்சு சென்றார். 1921 ஜூன் 15 அன்று விமானி உரிமம் பெற்றார். கறுப்பினப் பெண்களுள் அதைப் பெற்ற முதல்வர் அவரே.

தாயகம் திரும்பி வானில் சாகசங்கள் நிகழ்த்தினார். கறுப்பருக்கெனத் தனி வாயில் வைத்தால் பறக்கமாட்டேன் என்றார். 1926-இல் விமான விபத்தில் இறந்தார்.

இம்முடிவைப் பிஞ்சு உள்ளங்களிடம் மறைக்கலாமா? வேண்டாம். விபத்தை விவரிக்காமல், உண்மையை ஒரே வாக்கியத்தில் கூறுங்கள். 1992-இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியான மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தை உடன் எடுத்துச் சென்றதையும் சேர்த்துக் கூறுங்கள்.

இக்கதை மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் உரியது. பெஸ்ஸிக்குக் கதவை அடைத்தவர்களும் ஒரு காலத்தில் மடியிலமர்ந்து கதை கேட்ட பிள்ளைகளே அல்லவா?