துருக்கியில் ஒரு நீளச் சொல்லை வாசித்தால்

துருக்கி மொழியில் 'எவ்' என்றால் வீடு. இரண்டே எழுத்து. 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள். எங்கள் வீடுகளில் இருப்பவர்களைச் சொல்ல 'எவ்லெரிமிஸ்தெகிலெர்'. துருக்கியில் எழுதினால் இடைவெளியே இல்லாத 16 எழுத்து. விகுதிமேல் விகுதி ஏறுவது நமக்கும் பழக்கம்தான். ஆனால் இந்த நீளம் வாசிப்பவரை என்ன செய்கிறது என்று பார்க்கத் துருக்கி மொழி வாகானது. காரணம், அதன் எழுத்துமுறை.

1928இல் துருக்கிக் குடியரசு அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. மொத்தம் 29 எழுத்துகள், அவற்றில் 8 உயிர். பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. எழுத்துகளைக் கற்றவர் அதுவரை பார்த்திராத சொல்லையும் உரக்கப் படித்துவிடலாம்.

நீளத்தின் விளைவை அளக்கும் முறை இது: ஆய்வுக்கூடத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும். உடனே உரக்கச் சொல்ல வேண்டும். சொல் தோன்றியதிலிருந்து குரல் எழும்வரை ஆகும் நேரத்தை மில்லிநொடியில் அளப்பார்கள். நீளச் சொல்லைச் சொல்லி முடிக்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. ஆகவே நீளச் சொல்லுக்கு இங்கே தெரியும் தாமதம் வாயினுடையது அல்ல. வாய் திறக்குமுன் மூளை செய்யும் வேலையினுடையது.

அந்த வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்பது பரவலான விளக்கம். பழகிய சொல்லை முழுதாக அடையாளம் காண்பது ஒன்று. இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாய் ஒலியாக்குவது மற்றொன்று. நீளம் விலை கேட்பது இந்த இரண்டாம் வழியில்தான். ஆங்கிலத்தில் அந்த வழி அடிக்கடி ஏமாற்றும். துருக்கியில் ஏமாற்றாது, ஆகவே அதை நம்பலாம். ஆங்கிலத்தைவிட ஒழுங்கான எழுத்துமுறை கொண்ட ஜெர்மனில் நீளத்தின் பாதிப்பு கூடுதல் என்பதை 2001இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இரு மொழிக்கும் பொதுவான சொற்களையே அதில் வாசிக்கக் கொடுத்தார்கள்.

ஆனாலும் துருக்கியர் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. பழகிய சொற்கள் அவர்களுக்கும் விரைவாகவே வருகின்றன. பொருளற்ற போலிச் சொற்களை இடையிடையே கலந்தால் மட்டும் அந்த வேகம் மங்குகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது குழந்தைகள் விஷயம். துருக்கியில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே பிழையின்றி வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாசிப்பில் சிரமப்படும் பிள்ளையும் சொல்லைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். ஆனால் நீளச் சொல்லில் வெகுநேரம் திணறும். பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர் கண்ணில் அந்தப் பிள்ளை படவே படாது. கையில் கடிகாரம் வேண்டும். கொடுக்கும் பட்டியலில் குட்டைச் சொற்களோடு நீளச் சொற்களும் வேண்டும்.