அடுப்பை அணைத்த பிறகு வேகும் சோறு!
முகப்பேரில் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு யோசனை

மாலை 6½ மணி. இந்தப் பக்கம் திருமங்கலம் சிக்னல். அந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட் ரோடு. இரண்டிலும் பஸ் நகர மாட்டேன் என்று நிற்கிறது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும் பெண்கள் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான். "வீட்டுக்குப் போய் என்னத்தை ஆக்குறது?"

வீடு முகப்பேர் கிழக்கிலோ, மேற்கிலோ, ஏரித் திட்டத்திலோ இருக்கும். பூட்டைத் திறக்கும்போது மணி 7 ஆகிவிடும். டியூஷன் முடிந்து பிள்ளை பசியோடு வரும். புருஷனும் வந்துவிடுவார். 8 மணிக்குத் தட்டில் சோறு விழ வேண்டும்.

இந்த அவசரத்தில்தான் ஆபத்து புகுந்துவிடுகிறது.

சிம்மில் வைத்துவிட்டுப் போனால்...

"சிம்மில வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அழைத்து வரவும், கடைக்கும் போகிறவர்கள் ஏராளம்.

அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி ஆகும். கஞ்சி பொங்கி வழியும். தீ அணையும். ஆனால் கேஸ் நிற்காது. வந்துகொண்டே இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும். வீட்டுக்கு வந்து லைட் சுவிட்சைப் போட்டால் அதில் வரும் சின்னப் பொறி போதும்.

கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சரி, ஆள் இல்லாத நேரத்தில் அடுப்பு எரியவே வேண்டாம், ஆனால் சோறு வேக வேண்டும் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. பாத்திரக் கடைகளில் விற்கும் தெர்மல் குக்கர்தான் அது.

தீ இல்லாமல் எப்படி?

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. வெளிப்பாத்திரம் ஒன்று, உள்பாத்திரம் ஒன்று. வெளிப்பாத்திரத்துக்கு இரட்டைச் சுவர். சூடு வெளியே போகாதபடி தடுத்து நிறுத்தும். உள்பாத்திரத்தில் அரிசியைக் கொதிக்க வைத்து, கொதிக்கக் கொதிக்க வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பிரஷர் குக்கரில் ஆவி அழுத்தத்தால் சுமார் 120 டிகிரி வரை சூடு ஏறும். அதனால் அது முந்திக்கொள்ளும். தெர்மல் குக்கரில் சூடு 100 டிகிரியில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. விசில் எண்ண வேண்டியதில்லை. அடி பிடிக்காது. கேசும் மிச்சம்.

பழைய சரக்குதான்!

இது ஏதோ நேற்று வந்த சாமான் என்று நினைக்க வேண்டாம். கல்கத்தாவில் 1910-ம் ஆண்டிலேயே இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 'இக்மிக் குக்கர்' என்ற ஒன்றைச் செய்தார். டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள். ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் கறி. அடியில் கொஞ்சம் கரி நெருப்பு. வைத்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து சுடச்சுடச் சாப்பிட்டார்கள். நம் பக்கத்துப் பழைய தலைமுறைக்கு ருக்மணி குக்கர் நினைவிருக்கும். அதுவும் அடுக்கில் வைத்து ஆவியில் வேக வைக்கிற ரகம்தான்.

மின்சார ஸ்லோ குக்கரின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இர்விங் நாக்சன் என்ற யூதர் 1940-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தாயாரின் ஊர் லிதுவேனியா நாட்டில் உள்ள வில்னியஸ். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்று அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே மொச்சையும் கறியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டிலேயே வேகும். தாயார் சொன்ன இந்தக் கதைதான் மகனுக்கு யோசனை கொடுத்தது. ரைவல் என்ற கம்பெனி 1970-ல் அவரிடமிருந்து உரிமையை வாங்கியது. 1971-ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எப்படித் தொடங்குவது?

முதல் நாள் சோற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசியைக் களைந்து ஊறப் போடுங்கள். முகம் கழுவி, புடவை மாற்றி வரும் நேரம் ஊறினால் போதும். உள்பாத்திரத்தில் தண்ணீர் தாராளமாக, முக்கால் பாகத்துக்கு மேல் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் சூடு நிற்காது. பெரிய குக்கரை வாங்கிவிட்டு அதில் ஒரு டம்ளர் அரிசி போட்டு, "வேகவே இல்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயன் இல்லை.

அரிசி போட்டு 5 முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகு உடனே இறக்கி உள்ளே வைத்து மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். பச்சரிசிக்கு அரை மணி. புழுங்கல் அரிசிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி. அப்புறம் கஞ்சியை வடித்துவிடலாம். அரிசிக்கு அரிசி நேரம் மாறும். இரண்டு மூன்று நாளில் கைக்கணக்கு வந்துவிடும்.

நடுவில் மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. திறந்தால் சூடு போச்சு. சோறு அரைவேக்காடு!

அடுத்து பருப்பு. ஒரு மணி நேரம் ஊறிய துவரம் பருப்பை 10, 15 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் உள்ளே வையுங்கள். வேகவில்லை என்றால் மறுபடி ஒரு கொதி விட்டு உள்ளே வைக்கலாம். புளியையும் தக்காளியையும் முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது. பருப்பு மசிந்த பிறகுதான் புளி.

காலையில் வைத்து மாலையில் சாப்பிடலாமா?

தெர்மல் குக்கரில் கூடாது. பலர் தப்புச் செய்வது இங்கேதான். காலை 8 மணிக்கு மூடிய சோறு மாலை 6 மணிக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைத்து விஷத்தைக் கக்கும். அந்தச் சோற்றை மறுபடி சூடாக்கினாலும் விஷம் போகாது. வாந்தி நிச்சயம்.

ஆகவே தெர்மல் குக்கர் மாலை நேரத்துக்கு. வெந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சச் சோற்றைக் குக்கரிலேயே விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. ஆற வைத்து 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

நாள் முழுக்க வேக வேண்டிய சமாசாரத்துக்குத்தான் மின்சார ஸ்லோ குக்கர். உள்ளே பீங்கான் பானை, சுற்றிலும் சூடு கொடுக்கும் கம்பி. 'லோ'வில் வைத்தால் சுமார் 8 மணி நேரம். 'ஹை'யில் 4 மணி நேரம். 'வார்ம்' என்பது வெந்ததைச் சூடாக வைக்க மட்டும். அதில் வைத்தால் எதுவும் வேகாது.

ஆட்டுக்கால் பாயாவுக்கு இதை மிஞ்சிய பாத்திரம் இல்லை. காலைச் சுத்தம் செய்து அடுப்பில் 10 நிமிடம் கொதிக்க விட்டு, இஞ்சி, பூண்டு, மிளகு, வெங்காயத்தோடு பானையில் போட்டு 'லோ'வில் வையுங்கள். தேங்காய்ப் பால் மட்டும் மாலையில் வந்து ஊற்ற வேண்டும். பானை பாதிக்குக் குறையாமலும், முக்காலுக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். சூடான பீங்கானில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும்.

செலவு? 200 வாட் குக்கர் 8 மணி நேரம் முழுசாக ஓடினாலும் 1.6 யூனிட்தான்.

அமெரிக்கப் பெட்டி உஷார்!

முகப்பேரில் பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருக்கும் பெற்றோர் பலர். லீவுக்கு வரும் மகள், "அம்மா, உனக்குத்தான்" என்று ஸ்லோ குக்கரைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்து கொடுப்பாள். ஆசையோடு பிளக்கில் சொருகினால் வந்தது வினை! அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட். நம் ஊரில் 230. ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்ட் என்றால், சூடு மூன்றரை மடங்குக்கு மேல். கம்பி கருகும். தீப்பிடிக்கவும் கூடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் அதைச் சொருகக் கூடாது. பாத்திரத்தின் அடியில் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கும். பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய்விட்டு, எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் பானையில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். கறி விலையை நினைத்து ஆஸ்பத்திரிச் செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

ராஜ்மா எனும் வில்லன்

சிவப்பு ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு விஷம் இருக்கிறது. நாலைந்து பச்சை விதை வயிற்றுக்குள் போனாலே வாந்தி, பேதி வரலாம். இளஞ்சூட்டில் அந்த விஷம் சாகாது. 5 மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்ட பிறகே குக்கருக்குள் போக வேண்டும்.

தெர்மல் குக்கர் வாங்கியதும் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். நிறையக் கொதி நீர் ஊற்றி மூடுங்கள். 2 மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி குப்பென்று அடிக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெந்நீர் குளிக்கிற பதத்துக்கு வந்திருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றி வாங்குங்கள்.

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்பது பழமொழி. இந்தக் குக்கர் விஷயத்தில் ஆக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆற விடுவதில் அவசரம் வேண்டும்!