கண் பாப்பா வெள்ளையாகத் தெரிகிறதா?



குழுக் கூட்டத்தில் பாஸ்புக்கைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? அது வெள்ளெழுத்து. 40 வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் வருவது. பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் கிட்டப்பார்வை. இரண்டுக்கும் கண்ணாடி போதும். "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று கேட்பவர்களை நாங்களும் பார்க்கத்தான் செய்கிறோம்.

ஆனால், குழந்தையின் கண் பாப்பா கறுப்பாக இல்லாமல் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னினால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும் சும்மா விடாதீர்கள். அது கண்புரையாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிற இந்தப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரம் பார்வையையும். "பூ விழுந்திருக்கு, தானா சரியாயிடும்" என்று தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.