தேதி பார்த்து வரும் தலைவலி

மாதவிடாயை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலியின் முதன்மையான இயல்பு, அது வரும் நாளைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதாகும். உதிரப்போக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அதன் மூன்றாம் நாள் வரை உள்ள ஐந்து நாட்களுக்குள், மூன்று மாதங்களில் குறைந்தது இரண்டிலேனும் வலி வந்தால், சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு அதனை இந்த வகையில் சேர்க்கிறது. மற்ற நாட்களில் வரும் ஒற்றைத் தலைவலியைவிட இது பெரும்பாலும் நீண்ட நேரம் நீடிப்பதோடு, குமட்டலும் வாந்தியும் சேர, மாத்திரைக்கு எளிதில் அடங்காததாகவும் இருக்கிறது.

இதன் காரணத்தை ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில் 1970களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பை ஊசி வழியே செலுத்தியபோது உதிரப்போக்கு வழக்கம்போல் வந்தது, தலைவலியோ தள்ளிப்போனது. புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு பெண்மைச் சுரப்பைச் செலுத்தியபோது உதிரப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ வழக்கம்போல் வந்தது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவதே வலியைத் தூண்டுகிறது என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. கருப்பை உட்சுவர் உதிரும்போது வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளுக்கும் இதில் பங்குண்டு.

சென்னையில் இவ்வலியைப் பித்தம் என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு முடங்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும் அதே நாட்களில் பட்டினியும் தூக்கக்குறைவும் வெயிலும் சேர்ந்தால் வலி எளிதில் மூளும் என்பதால், மயிலாப்பூரில் ஆடி வெள்ளி விரதம் இருப்பவரும் தியாகராய நகர்த் துணிக்கடையில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் விற்பனைப் பெண்ணும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் திருத்தியது. இருக்கையோடு, நேரத்துக்குச் சாப்பாடும் குடிநீரும் கழிப்பறை செல்ல அனுமதியும் கிடைத்தால்தான் அப்பெண்களின் உடலுக்கு உரிய மதிப்பு முழுமையாகும்.

சிகிச்சை இருவகைப்படும். வலி தொடங்கியவுடனே நாப்ராக்ஸென் போன்ற வலிநிவாரணியையோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்தையோ எடுத்துக்கொள்வது முதல் வகை. மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், தலைவலி வரக்கூடிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, ஐந்தாறு நாட்கள் மட்டும் மருந்து எடுத்து வலியைத் தடுப்பது இரண்டாம் வகை. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இவற்றுள் சில ஆகா என்பதால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது சரியன்று. டிரிப்டான் மாத்திரையை மாதந்தோறும் பத்து நாட்களோ அதற்கு மேலோ எடுத்துவந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். வலிக்கு முன் கண்ணெதிரே வளைகோடுகளோ ஒளிப்பொறிகளோ தெரியும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அவை பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

பரிசோதனைக்கூடம் எதுவும் இந்நோயைக் கண்டறிந்து சொல்லாது, நாட்குறிப்பே சொல்லும். ஆகவே, வலி வந்த நாளையும் மாதவிடாய் தொடங்கிய நாளையும் விழுங்கிய மாத்திரையையும் மூன்று மாதம் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள். மாதாமாதம் பொறுத்துக்கொள்வது பெண்ணின் கடமையன்று.