உணவு மேசைச் செபம்

துன்பமுற்றோர் வீட்டு வாயிலில் நின்று "கடவுள் நல்லவர்" என்று கூற முற்படும்பொழுது நம்மிற் பலருக்கு நா எழுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னே அச்சொல் கல்லாய் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகின்றோம். அந்த அச்சம் நியாயமானதே. துன்பம் காணாதவன் பிறருக்கு எடுத்துரைக்கும் நம்பிக்கைக்குப் பாரம் குறைவு. ஆகவே, அச்சொல்லைக் கூறும் உரிமையை மிகுந்த விலை கொடுத்துப் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஜேர்மனியின் சக்சனி நாட்டிலே ஐலன்பேர்க் என்பது மதில் சூழ்ந்த ஒரு சிறு நகர். அங்கே பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1586ஆம் ஆண்டிற் பிறந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். லைப்சிக் நகரிற் கல்வி பயின்று, 1617ஆம் ஆண்டின் இறுதியிலே தம் சொந்த ஊருக்கே போதகராகத் திரும்பினார். மறு ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய ஊழியகாலம் ஏறக்குறைய முழுவதும் அப்போரினுள்ளேயே கழிந்தது.

மதில் காக்கும் என்று நம்பிச் சுற்றுப்புறத்து மக்களெல்லாம் அந்நகரில் அடைக்கலம் புகுந்தனர். இடநெருக்கடி மிகவே, நோயும் உடன் புகுந்தது. 1637ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் கொடுமையாகப் பரவிற்று. போதகர்களுள் இருவர் மாண்டனர். மூத்தவர் ஊரை விட்டகன்றார். ரிங்கார்ட் ஒருவரே எஞ்சி நின்றார். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பிரேதங்களுக்கு அவர் அடக்க ஆராதனை நடத்த வேண்டியதாயிற்று. அவ்வாறு அவர் அடக்கம் செய்தோர் 4,480 பேர் எனக் கூறப்படுகின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய மனைவியும் இறந்தார்.

எண்கள் பெரிதாகப் பெரிதாக நம் மனம் மரத்துப் போகின்றது. ஒரேயொரு மரண வீட்டிற்குச் சென்று திரும்பினாலே அன்றிரவு நமக்கு உறக்கம் வருவதில்லை. இம்மனிதரோ தம் மனையாளை இழந்த பின்னரும், மறுநாட்காலை பிறருடைய துக்கத்திற்காக எழுந்து செல்ல வேண்டியிருந்தது.

நோயின் பின்னே பஞ்சம் வந்தது. செத்த பூனைக்காகவோ காகத்திற்காகவோ முப்பது, நாற்பது பேர் தெருவில் அடித்துக்கொண்டனராம். ரிங்கார்ட் தம் வீட்டாருக்கு வேண்டிய சிறிதளவை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதையெல்லாம் வாயிலில் நின்றோருக்கு ஈந்தார். தம் பிள்ளைகளின் ஆடைக்கும் அப்பத்திற்குமாக, வருங்காலச் சம்பளத்தைப் பல ஆண்டுகளுக்கு ஈடு வைத்துக் கடன்பட்டார்.

இவர் இயற்றியதுதான் "நூன் டங்கெற் அல்ல கொற்" என்னும் புகழ்பெற்ற நன்றிப் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கதரின் விங்க்வேர்த் அம்மையார் செய்த மொழிபெயர்ப்பு அதனை ஆங்கில ஆலயங்களெங்கும் கொண்டு சென்றது. 1648ஆம் ஆண்டுச் சமாதானத்தைக் கொண்டாட எழுதப்பட்டதென்று சிலர் கூறுவர். கதை அழகியதே, ஆயினும் 1647ஆம் ஆண்டிலேயே அது அச்சேறிவிட்டது! ரிங்கார்ட்டின் நூலில் அதற்குரிய தலைப்போ மிக எளியது: உணவு மேசைச் சிறு செபம். பிள்ளைகள் உண்டெழுந்து சொல்லத்தக்க செபம் அது.

சீராக் ஆகமத்தின் ஐம்பதாம் அதிகாரத்தைத் தழுவிய அப்பாட்டு, போரையோ நோயையோ நன்மையென்று கூறவில்லை. தாயின் கருவறை தொட்டுக் கடவுள் செய்துவந்த நன்மைகளை நினைக்கின்றது, சமாதானத்தை வேண்டுகின்றது, எல்லா இடரினின்றும் மீட்குமாறும் கேட்கின்றது. நன்றி சொல்பவன் தன் குறையைச் சொல்லாது மறைக்க வேண்டியதில்லை என்பதை நாம் இங்கு காண்கின்றோம்.

1639ஆம் ஆண்டிலே சுவீடன் படை அந்நகரிடம் 30,000 தாலர் தண்டப்பணம் கேட்டது. ரிங்கார்ட் நேரிற் சென்று மன்றாடினார்; தளபதி இணங்கவில்லை. அவர் வெளியே வந்து, மனிதரிடம் இரக்கம் கிடையாதபடியால் கடவுளிடமே செல்வோம் என்று மக்களை அழைத்து, அவர்களுடன் முழந்தாளிட்டார். இறுதியில் அத்தொகை 2,000 புளோரினாகக் குறைக்கப்பட்டது. அதுவும் பட்டினி கிடந்த ஊருக்குச் சிறு தொகையன்று.

சமாதான உடன்படிக்கை 1648ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கைச்சாத்தாயிற்று. அச்செய்தியைக் கேட்கும் வரை ரிங்கார்ட் உயிரோடிருந்தார். மறு ஆண்டு டிசெம்பர் மாதம் 8ஆந் திகதி, தாம் பிறந்த அவ்வூரிலேயே கண்மூடினார்.